மூக்கில் எழுதிய பெயர்

அடுத்தவன் விமானத்தின் மூக்கில் சொந்தப் பெண்டாட்டியின் பெயரைப் பார்த்தால் எவனுக்குத்தான் பொறுக்கும்? டெல்மாருக்குப் பொறுக்கவில்லை. சிவப்புப் பெயின்ட், மஞ்சள் ஓரம், முழங்கை நீளத்துக்கு: நோரீன்.

காலை ஏழு மணி. நண்பன் ஓரினின் விமானக் கொட்டகையில் யாருமில்லை. சாவி எண்ணெய் டப்பாவுக்கு அடியில் இருக்கும் என்பது அந்தப் புல்தரைத் திடலில் எல்லாருக்கும் தெரியும். பத்து மணிக்கு விமானம் முதல் தடவையாகப் பறக்கப் போகிறது. பாதி நெப்ராஸ்கா மாநிலமே வந்து நிற்கும்; நின்று இந்தப் பெயரையும் படிக்கும்.

அந்தக் காலப் போர் விமானங்களில், ஓட்டுகிறவன் பெண்டாட்டி பெயரையோ காதலி பெயரையோ மூக்கில் எழுதிக்கொள்வான். நகல் கட்டுகிறவர்களும் அந்த வழக்கத்தை விடுவதில்லை. ஓரினுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அப்படியானால் நோரீன் அவனுக்கு யார்?

நாலு வருஷமாக ஓரின் இந்த மஸ்டாங் போர் விமான நகலைக் கட்டினான். நிஜ விமானத்தில் முக்கால் அளவு. டிராக்டர் மெக்கானிக், கைவேலை சுத்தம். பறப்பதுதான் வராது. தரையிறங்கும்போது தவளை மாதிரி மூன்று குதி குதிப்பான்.

டெல்மார் ஆள் குட்டை, ஆனால் பறப்பதில் அப்படியில்லை. முப்பத்தொரு வருஷம் சோளக்காட்டுக்கு மேல் மருந்து தெளித்தவன். மின்கம்பிக்கு அடியில் புகுந்து வெளியே வருவான். அந்த மருந்து விமானம் கைவிட்டுப் போய் ஆறு வருஷமாகிறது. இப்போது தரையில் நின்று கழுத்து வலிக்க மேலே பார்ப்பதுதான் மிச்சம்.

"தகட்டுல ரிவெட் ஆணி அடிக்க ரெண்டு பேர் வேணுமாம். வெளியில ஒருத்தர் அடிக்கணும், உள்ள ஒருத்தர் இரும்பு முட்டுக் குடுக்கணும். என் கை சின்னது, இடுக்குல போகும்" என்று சொல்லி, நோரீன் வாரம் இரண்டு நாள் இங்கே வர ஆரம்பித்தாள். தலைமுடியில் அலுமினியத் தூளோடு சிரித்துக்கொண்டே வீடு திரும்புவாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலம்!

அதுகூடப் போகட்டும். ஜனவரியிலிருந்து அவள் பீச் பழம் வைத்துச் சுடுகிற இனிப்புப் 'பை' எல்லாம் ஓரினுக்கே போயிற்று. டெல்மாருக்கு அவித்த பீன்ஸ். கேட்டால், "உனக்கு உடம்பு ஏறுது" என்பாள். ஓரினுக்கு மட்டும் ஏறாதா? நின்றாலே கொட்டகைக் கதவை அடைத்துக்கொள்ளும் ஆள் அவன்.

நேற்று காபிக் கடையில் பர்ல் வேறு வாயைக் கிளறினான். "என்னப்பா டெல்மார், உன் பொண்டாட்டி கட்டின பிளேன் நாளைக்குப் பறக்குதாமே. உனக்குக் கொடி ஆட்டுற வேலையாவது குடுத்தாங்களா?"

கடையே சிரித்தது. டெல்மார் காசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

அலமாரியிலிருந்து பெயின்ட் கரைக்கிற தின்னர் டப்பாவை எடுத்தான். துணியை நனைத்துத் தேய்த்தான். பெயர் சிவப்பாக வழிந்தது.

கை ஓய்ந்தபோது ஓட்டுகிற இடத்துக்குள் எட்டிப் பார்த்தான். கால் பெடல்கள் சீட்டை ஒட்டி இழுத்து வைக்கப்பட்டிருந்தன. ஓரின் எப்படிக் காலை மடக்குவான்? எப்படியோ மடக்கட்டும், நமக்கென்ன என்று மறுபடி தேய்த்தான்.

"டெல்மார்!"

வாசலில் ஓரின். பக்கத்தில் நோரீன், கையில் டோனட் பெட்டி.

"ரெண்டு பேரும் சேர்ந்தே வந்தாச்சா? ரொம்ப நல்லது" என்றான் டெல்மார்.

"உன்னத் தேடித்தான்யா உன் வீட்டுக்குப் போனேன். நீ இல்ல. அது என்ன கையில?"

"தின்னர். எம் பொண்டாட்டி பேரு உன் பிளேன்ல எதுக்குடா? நாப்பது வருஷமா பழகினவன், மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே!"

"டெல்மார், வாய மூடு" என்றாள் நோரீன். அவள் கண் வழிந்த பெயின்ட்டில் இருந்தது.

"நீ பேசாத. பீச் பை யாருக்குப் போச்சு? சிரிப்பு யாருக்குப் போச்சு? எனக்கு வேகவச்ச பீன்ஸ்!"

ஓரின் கோபப்படவில்லை. விமானத்தின் பக்கத்தில் வந்து, கண்ணாடி மூடியைத் தடவிக் கொடுத்தான்.

"போன டிசம்பர்ல இதுக்குள்ள உக்காந்து பாத்தேன். தோள் நுழையல. முட்டி மோவாயில இடிக்குது. மூடி மூடவே மாட்டேங்குது" என்றான். "றெக்கை, வாலு, சீட்டு, எல்லாத்தையும் அளந்து அளந்து முக்காலாக் குறைச்சேன். என்னைக் குறைக்க மறந்துட்டேன்."

டெல்மாருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"நாலு வருஷம் கட்டிட்டு, நீ ஓட்டப் போறதில்லையா?"

"நான் எங்க ஓட்டறது?"

நோரீன் டோனட் பெட்டியைக் கீழே வைத்தாள். டெல்மார் கையிலிருந்த துணியைப் பிடுங்கினாள். வழிந்துகொண்டிருந்த தன் பெயரின் ஓரத்தை ஒற்றினாள்.

"அப்ப எதுக்கு இவ பேரு?" என்றான் டெல்மார். குரல் பாதியாகிவிட்டது.

ஓரின் மூடியைத் திறந்து, உள்ளே சீட்டைக் காட்டினான்.

"ஓட்டறவன் பொண்டாட்டி பேரைத்தானேய்யா எழுதுவாங்க?"