கட்டைவிரல் பூட்டு

பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் கைகளைத் தூக்கினாள்.

கண்ணாடியில் சுடிதார் டாப்ஸ் மேலே ஏறியது. இடுப்பில் தோலுறையின் நுனி எட்டிப் பார்த்தது.

இது ஆகாது.

கழற்றி மேஜையில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

பாளையங்கோட்டையில் போலீஸ் சாமான் விற்கும் கடை. காக்கித் துணி, தொப்பி, லத்தி, ஷூ பாலிஷ் வாடை. ஒரு பெண் வந்து துப்பாக்கி உறைகளை ஒவ்வொன்றாகக் கட்டிப் பார்ப்பதைத் தங்கப்பழம் அண்ணாச்சி இதுவரை கண்டதில்லை. கல்லாவை விட்டு எழுந்து வந்து முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவள் சப்-இன்ஸ்பெக்டர். நாளையிலிருந்து ஒரு பெண் நீதிபதிக்குக் காவல். சீருடை கிடையாது. துப்பாக்கி உண்டு. அது வெளியே தெரியக் கூடாது.

பணி முடிந்ததும் அதை ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கலாம். கிடங்கு ஊரின் அந்தக் கோடி, வீடு இந்தக் கோடி. போய்த் திரும்புவதற்குள் மகள் செண்பா தூங்கிப்போவாள்.

இல்லையென்றால் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கே கொண்டுபோகலாம்.

கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அதனால்தான் இந்தத் தேடல். அவள் இழுத்தால் உடனே வர வேண்டும். வேறு யார் இழுத்தாலும் வரக் கூடாது.

அந்த வேறு யாரோ இப்போது கடை பெஞ்சில் உட்கார்ந்து, காலை ஆட்டி ஆட்டி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். மூன்று வயது இன்னும் நிரம்பவில்லை. சட்டையெல்லாம் தூள்.

பழகிப் பார்க்க அண்ணாச்சி ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி கொடுத்திருந்தார். அசலின் அதே அளவு, அதே கனம்.

குந்தி உட்கார்ந்தாள். விலாவில் இடித்தது. கொஞ்சம் பின்னால் தள்ளினாள். ஆட்டோவில் ஏறுவதுபோல் குனிந்தாள். முதுகில் குத்தியது. முன்பக்கம் கொண்டுவந்தாள். பிரசவத் தழும்பின் மேலேயே போய் உட்கார்ந்தது, சனியன்.

அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. இந்த உடம்பு எங்கெங்கே மடங்குகிறது என்று இத்தனை வருஷத்தில் கவனித்ததே இல்லை.

"பேன்ட் போட்ட ஆம்பளைக்குத்தான் மேடம் இதெல்லாம் செஞ்சிருக்கான். செஞ்சவன் வீட்ல பொம்பளையே கெடையாது போல."

அண்ணாச்சி சொன்னதற்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு செண்பா இறங்கி வந்தாள். மேஜையில் கிடந்த தோலுறையை இழுத்தாள். மேல்பட்டையில் பிரஸ் பட்டன்.

டக்.

திறந்துவிட்டது.

ஆத்தாடி! செண்பாவின் பாலர் பள்ளிப் பையிலும் இதே பட்டன்தானே.

துணியுறை இன்னும் மோசம். ஒட்டுப்பட்டையைச் சர்ரென்று பிரித்து, அந்தச் சத்தம் பிடித்துப்போய், மறுபடி ஒட்டி மறுபடி பிரித்தாள்.

"சரி, வாடி பெரிய மனுஷி. நீயே பாத்துச் சொல்லு."

கடைசியாக ஒன்று இருந்தது. கெட்டி பிளாஸ்டிக். உள்பக்கம் ஆழத்தில் சின்னதாக ஒரு பூட்டு, பெரியவர்கள் விரல்தான் எட்டும். கட்டைவிரலால் அழுத்தினால்தான் துப்பாக்கி கழலும். பார்க்க அழகாக இல்லை.

கட்டிக்கொண்டாள். குந்தினாள். குனிந்தாள். கையைத் தூக்கினாள். எங்கும் இடிக்கவில்லை, எதுவும் தெரியவில்லை. கட்டைவிரலை வைத்து ஒரு இழு. வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது.

திரும்பச் செருகி, மகளிடம் நீட்டினாள்.

செண்பா இழுத்தாள். வரவில்லை. தரையில் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு இழுத்தாள். பல்லால் கடித்துப் பார்த்தாள்.

ம்ஹூம்.

அம்மாவுக்கு மனசு லேசாகிவிட்டது. தினமும் மகள் முழித்திருக்கும்போதே வீடு போய்விடலாம். தோசை ஊற்றும்போது இவள் வந்து காலைக் கட்டிக்கொள்வாள். சூடு படப்போகிறது, தள்ளிப் போடி என்று திட்டலாம்.

"அண்ணாச்சி, இதையே போட்டுருங்க."

அண்ணாச்சி பை எடுக்க எழுந்து போனார். மேஜையில் அவளுடைய ஃபோன் கிடந்தது. அதைப் பார்த்ததும் காலையில் நடந்தது ஞாபகம் வந்தது. அவள் கண் விழித்தபோது தலைமாட்டில் ஃபோன் யானைப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. அவள் விரல் வைக்காமல் அந்த ஃபோன் திறக்காது. புருஷனைக் கேட்டாள். நான் தொடவே இல்லை என்று அவர் சத்தியம் பண்ணினார். பிறகு எப்படித் திறந்தது?

செண்பா உறையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அம்மாவின் சுடிதாரைப் பிடித்து இழுத்து முக்காலியில் உட்காரவைத்தாள்.

"அம்மா, தூங்கு."

"எதுக்குடி?"

"கண்ண மூடு. தூங்கு."

விளையாட்டுக்குக் கண்ணை மூடினாள்.

பிஞ்சு விரல்கள் அவளுடைய வலது கையைப் பிரித்தன. கட்டைவிரலை மட்டும் தனியாக எடுத்தன. மெதுவாக, எழுப்பிவிடக் கூடாது என்ற கவனத்தோடு, அதைக் கொண்டுபோய் ஏதோ குளிர்ந்த ஒன்றின் மேல் வைத்தன. இரண்டு கையாலும் அமுக்கின.

டக்.

கண்ணைத் திறந்தாள். செண்பாவின் கையில் துப்பாக்கி இருந்தது. உறை தரையில் கிடந்தது.

"அடி கெட்டிக்காரி!" என்று அண்ணாச்சி கைதட்டினார்.

அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார்.

உறையை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள். வாசலில் நின்று அலுவலகத்துக்கு ஃபோன் போட்டாள்.

"ஐயா, துப்பாக்கிய வீட்டுக்குக் கொண்டுபோகல. தெனமும் கிடங்குலயே ஒப்படைச்சிட்டுப் போயிருதேன்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"ஆமாய்யா. தெரியும். தூங்கிருவா."

ஃபோனை வைத்துவிட்டாள்.

ஆட்டோவில் மடியில் உட்கார்ந்ததும் செண்பாவுக்குக் கண் சொருகியது. அம்மாவின் கட்டைவிரலைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள்.

வீடு வந்தது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இன்னொரு சுற்று சுற்றி வரச் சொன்னாள்.