சோத்தாங்கைப் பக்கம்

கவிநிலாவைக் காணாமல் ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. துப்பட்டா முள்ளில் கிழிந்து தொங்குவதுகூடத் தெரியாமல் நந்தினி ஓடிக்கொண்டிருந்தாள்.

எட்டு வயதுப் பிள்ளை. அண்ணாமலையைச் சுற்றிப் போகும் காட்டுப் பாதை. முன்னால் ஓடிய கணவன் குமரேசனுக்குத் தொண்டை கட்டிப்போய், மகளைக் கூப்பிடுவது இருமுவது மாதிரிதான் கேட்டது.

எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்டாயிற்று. விறகு பொறுக்கிய பெண்கள், காவி கட்டிய வெள்ளைக்காரர், வனக்காவலர். ஒருவரும் பார்க்கவில்லை. வனக்காவலர் மட்டும், இன்னும் முன்னால் போனால் பழைய கல்குவாரிக் குட்டை ஒன்று இருக்கிறது, ஆழம் ஜாஸ்தி என்று சொன்னார். சொன்ன பிறகு இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லாம் நந்தினி இழுத்துவிட்ட வினை. அவளுக்குத் துப்பறியும் நாவல் பைத்தியம். கதையில் காடு இருக்க வேண்டும், ரத்தம் கம்மியாக இருக்க வேண்டும், கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். வேங்கிக்கால் வீட்டில் சாயங்காலமானால் மகளுக்கு வாசித்துக் காட்டுவாள். ஞாயிற்றுக்கிழமையானால் நாவலில் வந்த காட்டைத் தேடி மூவரும் கிளம்பிவிடுவார்கள்.

இன்று பிள்ளை அப்பாவோடு வருகிறாள் என்று இவள் நினைத்தாள். அம்மாவோடு வருகிறாள் என்று அவன் நினைத்தான்.

தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தான் வைத்திருந்தாள். காலையில் வண்டியில் வரும்போதுகூடச் சொன்னாள்.

"தொலைஞ்சிட்டா அழுவாத. மலைய சோத்தாங்கைப் பக்கமா வச்சிக்கினு நடந்துக்கினே இரு, நாங்க வந்துடுவோம்."

கிரிவலம் போகிற ஊர். மலையை வலப்பக்கம் வைத்து நடக்க அந்த ஊர்க் கால்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பிரிந்த இடத்தில் கொஞ்சம் தேடிவிட்டு இருவரும் முன்னாலேயே ஓடினார்கள். இந்தப் பாதையில் எதிர்ப்பக்கம் என்று ஒன்று இருப்பதே இருவருக்கும் தோன்றவில்லை.

நந்தினி சட்டென்று நின்றாள்.

அவள் படித்த நாவல்களில் இந்த இடத்தில் யாராவது ஒருவர், அன்றைக்குச் சொன்ன சொல்லை அப்படியே சொல்லுங்கள் என்று கேட்பார். தான் சொன்னதை அவள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். மலை. சோத்தாங்கை.

வலது கை என்று அவள் சொல்லவில்லை. சோறு தின்கிற கை என்றுதான் சொல்லியிருந்தாள்.

கவிநிலா பிறந்ததிலிருந்தே இடக்கைக்காரி. பந்தியில் நாலு பேர் சிரிப்பார்கள் என்று நந்தினிதான் இரண்டு வருடமாகக் கரண்டிக் காம்பால் தட்டித் தட்டி மாற்றினாள். வீட்டில் இப்போது வலக்கையால்தான் சாப்பிடுகிறாள். யாரும் பார்க்காதபோது எந்தக் கையால் சாப்பிடுகிறாள்?

பெற்றவளுக்கு அது தெரியவில்லை.

கை மாறியிருந்தால் பிள்ளை முன்னால் போயிருப்பாள், குட்டை இருக்கிற பக்கம். மாறாமலிருந்தால் பின்னால். அண்ணாமலையாரே, நான் அடித்த ஒரு அடிகூடப் பலித்திருக்கக் கூடாது என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டாள்.

மலையை இடப்பக்கம் விட்டு, வந்த வழியே ஓடினாள். குமரேசன் பின்னாலிருந்து ஏதோ கத்தினான். அவள் நிற்கவில்லை. பிரிந்த இடத்தைத் தாண்டினாள். காலையில் வண்டி நிறுத்திய இடத்தையும் தாண்டினாள். ஒரு காலில் செருப்பு இல்லை.

அடுத்த திருப்பத்தில், பாதையோரப் பாறையில் கவிநிலா உட்கார்ந்திருந்தாள். காலையில் கட்டிக்கொடுத்த டிபன் டப்பா மடியில் திறந்திருந்தது. பசி வந்திருக்கும். பிள்ளை மேல் ஒரு கீறல் இல்லை.

நந்தினி பாறையை நோக்கி ஓடினாள். காலடிச் சத்தம் கேட்டுப் பிள்ளை திரும்பிப் பார்த்தது.

ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. அழவில்லை. பருக்கை ஒட்டிய இடக்கையை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது.

"தெரியாம சாப்ட்டுட்டேம்மா."