ஸ்பீக்கரில் வந்த குரல்

திருவாரூர் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் வேம்புவின் போன் அடிக்கிறது. மலேசியாவிலிருந்து கணவன் மருதையன். காதில் வைத்தால் கேட்காத பழைய போன். ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். “சத்தத்தக் கொறைம்மா,” என்கிறார் முன் சீட்டுக்காரர். “பஸ்ல இருக்கேங்க, எறங்கிட்டுப் பேசுறேன்,” என்று அவள் கணவனிடம் கெஞ்சுகிறாள். அவன் கேட்பதாயில்லை. “எனக்கு இங்க வேற குடும்பம் ஆயிடுச்சு. இனிமே வரமாட்டேன். நீ உங்கப்பா வீட்டுக்குப் போயிடு.” பேருந்தில் பேச்சு நின்றுபோகிறது. முன் சீட்டுக்காரர் திரும்பாமல் வெளியே நடவு வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மடியில் தூங்கும் மகளின் முகத்தில் வெயில் விழுகிறது. வேம்பு முந்தானையால் மறைக்கிறாள். அவன் இணைப்பைத் துண்டித்த சத்தமும் எல்லோருக்கும் கேட்கிறது. அணைந்த திரையைப் பார்த்து அவள் சொல்கிறாள்: “சரிங்க. நேரத்துக்குச் சாப்புடுங்க.”