இடது கை அவளுடையது

“இந்த ஊர்ல யாரு வீட்லயும் சோறு பொங்க மாட்டாங்களா?”

“இங்க சுடத்தான் வந்திருக்கோம். சாப்பிட இல்ல.”

கல்யாணமான புதிதில், அவன் வீடியோ கேம் ஆடுவதை முதன்முதலாகப் பார்த்தபோது அவள் கேட்டதும் அவன் சொன்னதும்.

அந்த ஊர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

திரையில் ஓயாத மழை. மேகத்துக்குள் போய் மறையும் கட்டடங்கள். ஊதாவும் பச்சையுமாய் மினுங்கும் பலகைகள், யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்தில். பாதி உடம்பு இரும்பாகிப்போன மனிதர்கள் துப்பாக்கியோடு நிற்கிறார்கள்.

அங்கே விடிவதே இல்லை.

இங்கே மத்தியானம்.

சோபாவில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே கன்ட்ரோலர். பாதி அவன் மடியில், பாதி அவள் மடியில்.

அவனுடைய இடது கை போன சித்திரையில் நின்றுபோனது. நரம்பு வியாதி. வலது கைக்கும் வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து இல்லை என்பதையும்.

அன்றிலிருந்து திரையில் நடப்பது அவள். சுடுவது அவன்.

அவள் எப்போதும் கடைகளின் கூரை ஓரமாகவே நடப்பாள். எதிரிகள் பதுங்குவதும் அங்கேதான்.

“நடு ரோட்ல போ கோதை. எத்தனை தடவ சொல்றது.”

“மழை பெய்யுதுல்ல.”

“நம்மாளுக்குச் சளி பிடிக்காது. பாதி இரும்பு.”

“மீதிப் பாதிக்குப் பிடிக்கும்ல.”

இன்று நடு ரோட்டில்தான் நடந்தாள்.

எதிரி ஒருவன் வந்தான். மறைவு எதுவும் இல்லை. மெதுவாகத்தான் வந்தான்.

பக்கத்தில் இருந்தவன் சுடவில்லை.

அவர்களுடைய ஆள் விழ, திரை சிவந்தது. மறுபடி அதே தெரு, அதே மழை.

மறுபடியும் சிவந்தது.

அவள் திரையை விட்டுக் கீழே பார்த்தாள். அவன் விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

பொத்தான் இறங்கவில்லை.

“இது பழசாயிடுச்சு. வேற வாங்கணும்,” என்றாள்.

அவன் தன் விரலையே பார்த்தான்.

கொஞ்ச நாளாகச் சாப்பாட்டு வேளையில் அவன் தட்டோடு அறைக்குள் போய்விடுவான். சாத்துவதற்கு முன் சில நாள் கதவருகே நின்று அவளைப் பார்ப்பான். ஏதோ சொல்ல வருவான். பிறகு கதவு சாத்திக்கொள்ளும். தரையில் கிடக்கும் பருக்கைகளை அவள் பின்னால் போய்த் துடைப்பாள். ஒரே ஒருமுறை உதவட்டுமா என்று கேட்டாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்தபின் கேட்டதில்லை.

சமையலறையில் குக்கர் அடங்கி நேரமாயிற்று.

திரையில் அவர்களுடைய ஆள் நடு ரோட்டில் நனைந்துகொண்டு நின்றான்.

எதிரி வருவதற்குள் அவள் அவனைக் கடைக் கூரைக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“கோதை.”

“ம்.”

மழை பெய்தது.

“ஊட்டி விடறியா?”