கமிஷனரின் மூக்கு

பழைய போலீஸ் கமிஷனர் லஞ்சப் புகாரில் ஊரைவிட்டே ஓடியதும், அமோஸ் டிரிண்டில் அந்தப் பதவிக்கு வந்தார். எங்கள் ஓஹியோ நகரமே அசந்துபோனது. தினம் குதிரை வண்டியில் கிளம்புவார். தினம் ஒரு சூதாட்ட விடுதி பிடிபடும்.

"எப்படி சார் கண்டுபிடிக்கிறீங்க?" என்று நிருபர் ஹாப்ஸ் கேட்டான்.

"எல்லாம் மோப்பம்தான்!" என்று மூக்கைத் தட்டிக் காட்டினார் கமிஷனர்.

மகிழ்ந்துபோன மேயர் விடோம், அவருக்குப் புத்தம்புது மோட்டார் கார் கொடுத்தார். குதிரையையும் வண்டியையும் ஏலம் விட்டார்கள்.

அதோடு சரி. அப்புறம் ஒரு சீட்டுக்கட்டுகூடச் சிக்கவில்லை.

மேயர் கமிஷனரைத் தன் வீட்டுக்கு வரவழைத்துச் சீறினார். "என்னய்யா, மூக்கு அடைச்சுக்கிச்சா?"

"மூக்காவது ஒண்ணாவது! அது பழைய கமிஷனரோட குதிரை சார். அவரு மாமூல் வாங்கின வாசல் வந்தா தானா நின்னுடும். நான் இறங்கி உள்ளே போவேன், அவ்வளவுதான்."

மேயருக்கு வேர்த்தது. "அதை ஏலத்துல எடுத்தது யாரு?"

"நிருபர் ஹாப்ஸ்தாங்க. ஜன்னல் வழியா பாருங்க. ஊரெல்லாம் சுத்திட்டு, உங்க வாசல்லதான் வந்து நிக்குது. எவ்வளவு விரட்டினாலும் நகர மாட்டேங்குது!"