முதலில் கத்தியவன்

“பிள்ள புடிக்கிறவன்டா! உடாதீங்க!”

தெருமுனையில் அந்தக் குரல் கேட்டதும் கொளஞ்சி ஒரு கணம் நின்றாள். பிறகு ஓடினாள்.

சாரம் பகுதிக் கடைத்தெருவில் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. நடுவில் தபன் கிடந்தான். முகத்தில் செங்கல் விழுந்து முன்பல் இரண்டு உடைந்திருந்தது.

ஒருவன் பைக் செயினைச் சுழற்றினான். இன்னொருவன் கையில் மரச்சட்டம். இளநீர்க் கடைக்காரர்கூட செருப்பைக் கழற்றியிருந்தார். பக்கத்தில் பிள்ளை என்று எதுவுமே இல்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்கவும் இல்லை.

தபன் ஒடிசாக்காரன். கட்டட வேலைக்கு வந்து, கூலி கிடைக்காமல், பஸ் ஸ்டாண்டில் படுத்துப் பிழைத்தவன். ஊர்விட்டு வந்து தெருவில் வாழ்பவர்கள், போலீசிடமும் ஊராரிடமும் அடிபட்டும் எப்படி எழுந்து நிற்கிறார்கள் என்பதுதான் கொளஞ்சியின் குற்றவியல் ஆராய்ச்சி. அதற்காக அவள் முதன்முதலில் பேசியது அவனிடம்தான்.

இப்போது அவன் எழவில்லை.

கொளஞ்சி அவன் மேல் குப்புற விழுந்து தலையை இரண்டு கைகளாலும் மூடினாள். செயின் அவள் தோளைக் கிழித்தது. யாரோ முடியைப் பிடித்து இழுத்தார்கள். கைமேல் ஒரு மிதி விழுந்தது. விரல் ஒடிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

“யாருடி நீ? இவனுக்கு என்னா வேணும்?”

“எம் புருஷன்டா!”

செயின் அந்தரத்தில் நின்றது.

அடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இளநீர்க் கடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு காயைச் சீவி அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தபனை உள்ளே கொண்டுபோனார்கள். மூச்சு இருந்தது.

எஸ்.ஐ. தணிகாசலம் வந்தார். ஆராய்ச்சி விஷயமாக அவளுக்கு முன்பே பழக்கமானவர்.

“நல்ல சமயத்துல பொய் சொன்னம்மா. இல்லன்னா ஆளு போயிருப்பான்.”

“பொய் இல்ல சார். போன மாசம் ரெஜிஸ்டர் பண்ணிக்கிட்டோம். நேத்துதான் வீட்ல சொன்னேன்.”

தணிகாசலம் நோட்டைத் திறந்தார். பிறகு, முதலில் கத்தியது யாரென்று கடைத்தெருவில் ஒருத்தருக்கும் தெரியவில்லை என்றார்.

கொளஞ்சி வீங்கிய கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கத்தியவனை அவள் கூட்டத்தில் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை; அந்தக் குரலே போதும்.

“வெற்றிச்செல்வன்,” என்றாள். “எழுதிக்கோங்க சார். எங்க அண்ணன்.”