நான்காவது தோள்

புனிதர் ரோக்கோவின் சப்பரத்துக்கு நான்கு தோள் வேண்டும். அந்த மலையூரில் நான்கு இடங்களையும் ஏலத்தில்தான் விடுவார்கள். எண்ணெய் வியாபாரி ஓரோன்சோ முன்னிடத்தை எடுத்த கையோடு, கழுதையில் விறகு ஏற்றும் கொசிமோ கேட்கும் பின்னிடத்துக்கும் வேண்டுமென்றே விலையை ஏற்றிவிடுவார்.

"சாமிக்குக் கழுதை வாடை ஆகாதுடா" என்பார். ஊரே சிரிக்கும். ஒரு தடவைகூடத் தூக்காமலே, போன குளிர்காலத்தில் கொசிமோ செத்துப்போனான்.

இந்த ஆகஸ்டில் மூன்று தோள்தான் மிஞ்சியது. மற்றவர்கள் வெளியூருக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். பவனி நின்றால் புனிதரின் சுரூபத்தை நகரத்து அருங்காட்சியகம் கொண்டுபோய்விடும்.

"சாஞ்சா சாயட்டும், தூக்குங்கப்பா" என்றார் ஓரோன்சோ.

சப்பரம் சாயவில்லை. செங்குத்துத் தெருவிலும் மட்டமாகவே போனது. யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

கோயில் வாசலில் இறக்கியபோது, ஆளில்லாத பின்தண்டின் தோள்மெத்தை வியர்வையில் சொட்டிக்கொண்டிருந்தது. கொசிமோவின் மனைவி அசுந்தா அதை அவிழ்த்து மோந்து பார்த்தாள். கழுதை வாடை.

"என்ன அண்ணே, இந்த வருஷம் அவருக்குச் சும்மாவே விட்டுக்குடுத்துட்டீங்க போல?"



அவள் அதைத் தன் வாசல் கொடியில் காயப்போட்டாள். ஓரோன்சோ கடைக்குப் போகிற வழி அது. மூன்று மாதம் ஓடி, ஒலிவக்காய் பறிக்கும் காலமும் வந்துவிட்டது. மெத்தை இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.